பஸ்ரியாம்பிள்ளையின் பதினொரு நாள்

சூசைப்பிள்ளை பஸ்ரியாம்பிள்ளை மறியலில் இருந்து வீட்டுக்கு வந்தபோது, அவர் இருந்து தீர்க்கவேண்டிய சிறை நாட்களில் பதினொன்று மிச்சமிருந்தது. அது ஆயிரத்துத் தொளாயிரத்து எண்பத்தைந்தாம் ஆண்டு. அந்தக் காலத்தில் நாள் முடியாமல் மறியலை விட்டு வந்தவர்கள் வேறு பலரும் இருந்தார்கள். அவர்களில் ஒருவராவது மிச்ச நாட்களைப் பற்றி வாய் திறந்ததாகத் தெரியவில்லை. பஸ்ரியாம்பிள்ளை அவற்றைத் தேடி ஐந்து வருடம் அலைந்தார். நாட்டின் தண்டனை முறையில் இவ்வளவு நம்பிக்கை வைத்த இன்னொரு பிரசையைக் காண்பது அரிது. ஆகவே அவருடைய வரலாற்றை எழுதிவைப்பது நீதித்துறைக்குச் செய்யும் ஒரு சிறு தொண்டாகும்.

குற்றம் ஓர் ஆமை.

யாழ்ப்பாணத்துத் தீவுகளில் ஒன்றில், ஊர்காவற்றுறைக்குத் தெற்கே, நாற்பது வீடும் ஒரு கோவிலும் கொண்ட கத்தோலிக்கக் குறிச்சி அவருடையது. அங்கே ஆழமில்லாத கடலில் தடிகளை ஊன்றி, வலை கட்டி, மீனை மறித்துப் பிடிப்பார்கள். களங்கட்டி என்று அதற்குப் பெயர். செபஸ்தியார் திருநாளுக்கு முதல் நாள் பஸ்ரியாம்பிள்ளையின் களங்கட்டிக்குள் ஒரு பேராமை தானாகவே வந்து புகுந்தது. ஆமை பிடிப்பது சட்டப்படி குற்றம் என்பதை ஆமைக்கு எவரும் சொல்லியிருக்கவில்லை. அதைக் கரைக்கு இழுத்து வந்த நேரத்தில், திருநாள் காவலுக்கு வந்த பொலிசார் இருவர் கடற்கரையில் காற்று வாங்கிக்கொண்டு நின்றார்கள்.

ஆமை தடயப் பொருளாகப் பொலிஸ் நிலையத்துக்குப் போய், பூவரசு ஒன்றில் கட்டப்பட்டது. வழக்கு நாளன்று நீதிமன்றத்துக்கு ஓடு மட்டும் வந்தது. நன்றாகக் கழுவித் துடைத்த ஓடு.

"மிச்சம் எங்கே?" என்று நீதவான் கேட்டார்.

"பழுதாகிப் போச்சுது ஐயா," என்றார் சார்ஜன்.

கூண்டில் நின்ற பஸ்ரியாம்பிள்ளைக்குப் பொய் பிடிக்காது. "பழுதாகேல்லை ஐயா," என்றார். "மிளகு போட்டிருக்கினம். ஓடு இன்னும் மணக்குது."

நீதவான் மணந்து பார்க்கவில்லை. தொண்ணூறு நாள் சாதாரண மறியல் என்று எழுதினார். அந்த மிளகைப் பற்றிச் சொல்லாமல் விட்டிருந்தால் எச்சரித்து விட்டிருப்பார்கள் என்று சட்டம் தெரிந்தவர்கள் பிறகு சொன்னார்கள். அவருடைய மனைவி அந்தோனியம்மாவுக்குச் சட்டம் தெரியாது. அவர் சொன்னது வேறு. "அந்த ஆமையில ஒரு துண்டு நாங்கள் தின்னேல்லை." இதை அவர் அடுத்த ஆறு வருடத்தில் எத்தனை தரம் சொன்னார் என்பதற்குப் பதிவு இல்லை.

யாழ்ப்பாணப் பக்கத்து மறியற்சாலை ஒன்றில் அவரை அடைத்தார்கள். அந்தச் சாலையின் ஜெயிலர் கரப்பந்தாட்டத்தில் விருப்பமுள்ளவர். அவருடைய வலையோ கிழிந்து, பந்து மேலால் போனதா நடுவால் போனதா என்று தினமும் சண்டை வருமளவுக்கு இருந்தது. கைதிகளில் ஒருவருக்கு வலை பின்னத் தெரியும் என்று அறிந்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. பஸ்ரியாம்பிள்ளைக்கு நூலும் ஊசியும், மாமரத்து நிழலும், மத்தியானம் ஒரு தேத்தண்ணியும் கிடைத்தன.

பக்கத்துப் பாயில் படுத்த கள்ளச்சாராயக்காரர் ஒருவர் ஒரு நாள் சொன்னார்: "அண்ணை, ஒழுங்காய் இருக்கிறவைக்கு மூண்டில ஒரு பங்கு கழிச்சு விடுவினம். உமக்கு அறுபதோட சரி. போய்க் கேளும்."

"கழிக்கிறதோ? கோவில்ல பாதர் அம்பது மந்திரம் எண்டு தந்தால் நாப்பதோட எழும்பிப் போறதோ?"

இந்த இடத்தில் அவருடைய குறிச்சியின் சட்டத்தையும் சொல்லவேண்டும். அடுத்தவன் வலையில் மீன் எடுத்தவன் இத்தனை ஞாயிறு கோவில் வாசலில், தோளில் வலையோடு, முழந்தாளில் நிற்கவேண்டும் என்று கோவில் மூப்பர் தீர்ப்புச் சொல்லுவார். கடைசி ஞாயிறு பூசை முடிய மூப்பர் எழுந்து, "இன்னாருக்கு முடிஞ்சுது," என்பார். அந்த நிமிடத்தோடு குற்றம் போய்விடும்; பிறகு அதை வாயில் எடுத்தவனுக்குத்தான் தண்டனை. கழிவு, மன்னிப்பு, மேன்முறையீடு ஒன்றும் அங்கே கிடையாது. பஸ்ரியாம்பிள்ளை அரசாங்கத்தையும் ஒரு பெரிய கோவில் என்றுதான் நினைத்திருந்தார். ஆகவே அவர் கழிவு கேட்கவில்லை. வலை பாதியில் இருந்ததால் ஜெயிலரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

எழுபத்தொன்பதாம் நாள் சனிக்கிழமை. மத்தியானம் போல் வாசல் பக்கம் பெரிய சத்தம் கேட்டது. தங்கள் ஆட்களை எடுக்க ஆயுதங்களோடு வந்த இயக்கப் பொடியள், வந்த வேகத்தில் எல்லாக் கதவையும் திறந்துவிட்டுப் போனார்கள். கால் மணித்தியாலத்தில் மறியற்சாலை வெறுமையாயிற்று. மாமரத்தின் கீழ் பஸ்ரியாம்பிள்ளை வலையோடு இருந்தார். காக்கிச் சட்டையைக் கழற்றிச் சாரத்துக்கு மாறிக்கொண்டு வந்த காவலர் ஒருவர் அவரைக் கண்டு நின்றார்.

"ஓய், என்ன இருக்கிறீர்? போம்."

"எனக்கு இன்னும் பதினொரு நாள் கிடக்கு."

"எனக்குப் பென்சனுக்குப் பதினொரு வருசம் கிடக்கு. நானே போறன்."

"எண்டால் ஒரு துண்டு எழுதித் தந்திட்டுப் போங்கோ. தண்டனை முடிஞ்சுது எண்டு."

"முடியேல்லையே."

"அதுதான் நானும் சொல்லுறன்."

இருவர் பக்கமும் நியாயம் இருந்தபடியால் பேச்சு அதற்கு மேல் போகவில்லை. காவலர் போய்விட்டார். பஸ்ரியாம்பிள்ளை இன்னும் ஒரு மணித்தியாலம் பின்னினார். தேத்தண்ணி வரவில்லை. தேத்தண்ணி இல்லாத இடத்தில் அரசாங்கமும் இல்லை என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. அவருடைய சொந்தச் சாரம் களஞ்சிய அறையில் பூட்டிக் கிடந்ததால், மறியல் உடுப்போடேயே பஸ் ஏறினார். கொண்டக்டர் அவரிடம் காசு கேட்கவில்லை. பக்கத்தில் ஒருவரும் இருக்கவுமில்லை.

வீட்டுக்கு வந்த பிறகுதான் தண்டனை தொடங்கியது.

ஒவ்வொரு வருடமும் பாஸ்கு என்னும் உயிர்த்த ஞாயிறு முடிந்த திங்கட்கிழமை, கோவில் முற்றத்தில் சீட்டுக் குலுக்குவார்கள். கடலில் எந்த இடம் யாருக்கு என்பது அந்தச் சீட்டில்தான் இருக்கிறது. இடத்தைப் பாடு என்பார்கள். மேற்குப் பாடு கிடைத்தவனுக்கு ஓராவும் திரளியும் என்று நல்ல மீன் வருடம் முழுவதும்; கிழக்குப் பாடு கிடைத்தவனுக்குச் சாதாழைப் பாசியும் செபமும். தண்டனை முடியாதவன் சீட்டுப் போடும் தகரப் பேணிக்குள் கை வைக்க ஏலாது. அது பாட்டன் பூட்டன் காலத்து விதி.

மூப்பர் சில்வெஸ்ரர் விதியில் மயிரிழையும் விலகாதவர். பஸ்ரியாம்பிள்ளை போய்க் கேட்டபோது அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பஸ்ரியாம்பிள்ளை, எங்கட தண்டனை எண்டால் நான் எழும்பி முடிஞ்சுது எண்டுவன். இது அரசாங்கத்தின்ர. முடிஞ்சுது எண்டு அவங்கள் சொல்லவேணும்."

"அவங்கள் ஓடியிட்டாங்கள், மூப்பர்."

"அப்ப அவங்கள் திரும்பி வரட்டும்."

சீட்டெடுக்க ஏலாதவன் மற்றவன் களங்கட்டியில் கூலிக்கு நிற்கலாம். பஸ்ரியாம்பிள்ளை நின்றார். தன் கையால் பின்னிய வலையில் விழுந்த மீனை, தான் வளர்ந்த கடலில், அடுத்தவனுடைய கூடைக்குள் அள்ளிப் போட்டார். அந்தோனியம்மா கருவாடு காயவைத்துச் சந்தைக்குக் கொண்டுபோனார். அதுவும் அடுத்தவன் மீன்.

பஸ்ரியாம்பிள்ளை அரசாங்கத்தைத் தேடிப் புறப்பட்டார். முதலில் விதானையார் தியாகலிங்கம். அவர் தோட்டமும் வயலும் உள்ள சைவக் குடும்பத்தவர். கிராம சேவகர் என்று பலகை தொங்கினாலும் தீவில் எல்லோருக்கும் விதானையார்தான். கதையைக் கேட்டு முடித்ததும் எழுதுகோலைக் கீழே வைத்தார்.

"ஐசே, இருபது வருசமாய் மனு எழுதுறன். மறியலால விடச் சொல்லி எழுதினனான். மறியலுக்கு விடச் சொல்லி எழுதினதில்லை."

"விடச் சொல்லித்தான் எழுதவேணும் ஐயா. பதினொரு நாளைக்கு மட்டும்."

விதானையார் நல்ல ஆங்கிலத்தில் கொழும்புக்கு எழுதினார். பதில் இல்லை. அடுத்த வருடம் திரும்பவும் எழுதினார். பதில் இல்லை. பொலிஸ் நிலையத்துக்கு நேரே போய்ப் பிடிபட்டால் என்ன என்று பஸ்ரியாம்பிள்ளைக்கு ஒரு யோசனை வந்தது. போனார். பொலிசார் அப்போது மண்மூட்டைக்குப் பின்னால் இருந்தார்கள். ஐம்பது கெஜத் தூரத்தில் நிற்கச் சொல்லிக் கத்தினார்கள். ஐம்பது கெஜத் தூரத்திலிருந்து "என்னைப் பிடியுங்கோ" என்று கத்திக் கேட்ட முதல் ஆள் அவராகத்தான் இருக்கவேண்டும். அவர்கள் வானத்தை நோக்கி ஒரு வெடி வைத்தார்கள். அவர் திரும்பி வந்தார்.

எண்பத்தேழில் இந்திய அமைதிப்படை வந்தது. புது அரசாங்கம், புது மறியல், ஒருவேளை புது நியாயம் என்று பஸ்ரியாம்பிள்ளை முகாமுக்குப் போனார். தமிழ் தெரிந்த சிப்பாய் ஒருவர் கதையை அதிகாரிக்குச் சொன்னார். ஆமை என்ற இடத்தில் அதிகாரிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஏதோ குண்டின் பெயர் என்று எண்ணியிருக்கவேண்டும். பஸ்ரியாம்பிள்ளையை ஒரு வேம்பின் கீழ், கையைப் பின்னால் கட்டிச் சாயங்காலம் வரை இருத்தினார்கள். அவிழ்த்துவிட்டபோது அவர் கேட்டார்:

"தம்பி, இதை அரை நாள் எண்டு ஒரு துண்டு எழுதித் தர ஏலுமோ?"

சிப்பாய் அதை மொழிபெயர்க்கவில்லை. நல்ல பிள்ளை.

இந்தியர் போன பிறகு இயக்கப் பொடியள் ஊர்களில் பணிமனை திறந்து வழக்குத் தீர்க்கத் தொடங்கினார்கள். மேசையில் இருந்த பொடியனுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். கதையை அவன் பொறுமையாகக் கேட்டான்.

"ஐயா, அது எதிரியின்ர அரசாங்கம் தந்த தண்டனை. அதை நாங்கள் ரத்துச் செய்யிறம். நீங்கள் வீட்டை போங்கோ."

"நீங்கள் எப்பிடித் தம்பி ரத்துச் செய்வியள்? ஆமை பிடிச்சது நானெல்லோ."

"ரத்து எண்டால் ரத்துத்தான்."

"எனக்கு ரத்து வேண்டாம். முடிஞ்சுது எண்டுதான் வேணும்."

பொடியன் தலையை நிமிர்த்திப் பார்த்தான். இன்னும் நின்று கதைத்தால் புதிதாக ஒரு மாதம் தருவதாகச் சொன்னான். அந்த ஒரு மாதத்துக்குள் பழைய பதினொரு நாளையும் சேர்க்கலாமோ என்று பஸ்ரியாம்பிள்ளை கேட்க வாயெடுத்தார். கூடவந்த அந்தோனியம்மா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

"உலகத்தில ஆக்கள் மறியலுக்குப் பயந்து ஒளிக்கிறாங்கள். என்ர மனிசனுக்கு மறியல் பயந்து ஒளிக்குது," என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தார். "ஒரு துண்டு தின்னேல்லை. ஒரு சின்னத் துண்டு."

தொண்ணூறாம் ஆண்டு. அவர் இல்லாமல் ஐந்து குலுக்கல் முடிந்திருந்தது. ஆனியில் சண்டை திரும்பத் தொடங்கித் தபால் நின்றது. கொழும்பு என்று ஓர் ஊர் இருப்பதற்கு வானொலியைத் தவிர வேறு சாட்சியில்லை. ஆடி முடிவில் ஓர் அதிசயம் நடந்தது. மேற்குப் பாடு வெறுமையாயிற்று. அந்த வருடம் அதை எடுத்திருந்தவன் களங்கட்டித் தடிகளையும் பிடுங்காமல் கனடாவுக்குப் போய்விட்டான். ஆவணி இருபத்தைந்தாம் திகதி அந்த ஒரு பாட்டுக்கு மட்டும் சீட்டு என்று மூப்பர் அறிவித்தார்.

அறிவித்த அன்றைக்கே பஸ்ரியாம்பிள்ளை மூப்பர் வீட்டுக் கதிரையில் போய் இருந்தார். எழும்பவில்லை. மத்தியானம் சாப்பிடக் கூப்பிட்டார்கள், சாப்பிட்டார், திரும்பவும் வந்து இருந்தார். நாலு மணிக்கு மூப்பர் தோற்றுப்போனார்.

"அரசாங்கம் இல்லாத இடத்தில அதின்ர வேலையைக் கோவில் செய்யிறதில பிழையில்லை எண்டு நினைக்கிறன். ஆனால் ஒண்டு. மறியல் எண்டால் மறியலாய் இருக்கவேணும்."

"அதுதான் எனக்கும் வேணும், மூப்பர்."

கோவிலுக்குப் பின்னால் ஓர் அறை உண்டு. திருநாளில் புனிதர்களின் சுருவங்களைச் சுமந்து செல்லும் மரக் கூடுகளை அங்கே வைப்பார்கள். அதைத் துப்புரவாக்கி, ஒரு பாய் போட்டு, வெளியே ஆமைப்பூட்டுத் தொங்கவிட்டார்கள். பூட்டின் பெயரைப் பற்றி ஒருவரும் சிரிக்கக் கூடாது என்று மூப்பர் கட்டளையிட்டார். பூட்டுத் திறப்பு அவருடைய அரைஞாணில் தொங்கியது. காலை ஆறு மணிக்கு ஆள் எண்ணிக்கை. மூப்பர் கதவைத் திறந்து "ஒண்டு" என்பார், பூட்டுவார். வேலையாகக் கோவில் வலை பின்னவேண்டும். பார்வையாளர் நேரம் நாலு முதல் நாலரை.

சாப்பாடு கொண்டுவருவது யார் என்பதை ஒருவரும் யோசிக்கவில்லை. அந்தோனியம்மா மூன்று நேரமும் சட்டியோடு வெயிலில் நடந்தார்.

"மறியல் அவருக்கோ எனக்கோ, மூப்பர்?"

"அரசாங்க மறியல்ல அரசாங்கம் சோறு குடுக்கும் பிள்ளை. கோவிலுக்கு அவ்வளவு வசதி இல்லை."

"அப்ப அவரை அரசாங்கமே வைச்சிருந்திருக்கலாம்."

உள்ளேயிருந்து பஸ்ரியாம்பிள்ளையின் குரல் வந்தது. "இஞ்சேர், மெல்லக் கதை. இது மறியல்."

போன வருடத் திருநாளில் பிள்ளைகள் தேவதூதச் சம்மனசுகளாகக் கட்டிய காகிதச் செட்டைகளுக்கு நடுவில் அவர் பத்து நாள் இருந்தார். அந்தப் பத்து நாளும் அவர் நிம்மதியாகத் தூங்கினார் என்று சொல்லுவார்கள். பதினொராம் நாள் காலை ஆறு மணிக்கு எண்ணிக்கை எடுக்க மூப்பர் வரவில்லை. ஆறரைக்கு வந்தார். வேட்டியை மடித்துக் கட்டி, தலையில் ஒரு பெட்டியோடு வந்தார். வடக்கே ஷெல் விழும் சத்தம் விடியலிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தது. கடற்கரையில் வள்ளங்கள் நிரம்பிக்கொண்டிருந்தன.

"வெளியில வாரும்," என்றார் மூப்பர், பூட்டைத் திறந்து.

"இண்டைக்கு ஒரு நாள் கிடக்கு."

"ஊரே போகுது, மனிசா. ஆமி இறங்கியிட்டான்."

"போன முறையும் இப்பிடித்தான் சொன்னாங்கள்."

அதற்கான பதில் அந்தோனியம்மாவிடம் இருந்தது. அவர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்ப் பாயைச் சுருட்டினார். பாயில் இருந்தவரும் எழும்பவேண்டியதாயிற்று. அக்கரையான அராலியில் இறங்கும்வரை பஸ்ரியாம்பிள்ளை சுருட்டிய பாயை மடியில் வைத்துக்கொண்டு வள்ளத்தில் இருந்தார். மூப்பரின் தலையில் இருந்த பெட்டிக்குள் பூசைப் பொருட்களும், சீட்டுப் பேணியும், ஒருவரும் இல்லாத ஊரில் இருந்த ஓர் அறையின் திறப்பும் பத்திரமாக வந்து சேர்ந்தன.

குடாநாட்டுப் பள்ளிக்கூடம் ஒன்றில் குறிச்சி முழுவதையும் இருத்தினார்கள். ஒரு வகுப்பறைக்கு எட்டுக் குடும்பம். வாசலில் காவல். காலையில் ஆள் எண்ணிக்கை. சாப்பாட்டுக்குக் கோப்பையோடு வரிசை. வெளியே போக ஒரு துண்டு, உள்ளே வர அதே துண்டு. மூன்றாம் நாளே பஸ்ரியாம்பிள்ளை மூப்பரின் பாய்க்குப் பக்கத்தில் வந்து குந்தினார்.

"மூப்பர், இதில ஒரு நாளை எடுத்துக் கழிச்சுவிடுங்கோவன். மறியல்ல இருந்த எல்லாம் இஞ்ச இருக்கு. பருப்பு மட்டும் அங்க கொஞ்சம் நல்லம்."

மூப்பர் பாயில் நிமிர்ந்து இருந்தார்.

"ஏலாது. இது தண்டனை இல்லை. இஞ்ச இருக்கிறவை ஒரு குற்றமும் செய்யேல்லை."

"நான் செய்தனானெல்லோ."

"குற்றம் செய்யாதவை முன்னூறு பேர் இருக்கிற இடத்தில நீரும் இருந்தால், அது உமக்கு மட்டும் தண்டனை எண்டு எப்பிடிச் சொல்லுறது?"

முகாமில் இதைப் பற்றி இரண்டு கட்சி உண்டாயிற்று. எதிர்க்கட்சித் தலைவி அந்தோனியம்மா. குற்றம் செய்யாமலே உள்ளே இருப்பதற்கு என்ன பெயர் என்று அவர் மூப்பரைக் கேட்டார். அதற்குப் பெயர் வைக்கத் தனக்கு அதிகாரமில்லை என்றார் மூப்பர்.

அடுத்த மாசியில், இடம்பெயர்ந்து பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் இருந்துகொண்டு அங்கேயும் முத்திரை குத்திக்கொண்டிருந்த விதானையார் தியாகலிங்கம், ஒரு நீலக் கடித உறையோடு வந்தார். கொழும்பிலிருந்து கப்பல் ஏறி, மூன்று முகவரி மாறி வந்த கடிதம். எட்டு மாதத்துக்கு முந்திய திகதி. வகுப்பறை முழுவதும் சுற்றி நிற்க, விதானையார் ஆங்கிலத்தை வாசித்துத் தமிழில் சொன்னார்.

"உம்மட மனுக் கிடைச்சதாம். மறியற்சாலைக் கோவையை எடுத்துப் பார்த்தவையாம். நன்னடத்தைக் கழிவின்படி உமக்கு அறுபதாம் நாளே விடுதலையாம். அண்டைக்கே கையெழுத்தும் வைச்சாச்சாம்."

விதானையார் தாளைத் திருப்பினார்.

"இன்னும் கிடக்கு. அதுக்குப் பிறகு பத்தொன்பது நாள் நீர் ஏன் அங்க தங்கினீர் எண்டு கோவையில இல்லையாம். அனுமதியில்லாமல் அரசாங்கக் கட்டடத்தில தங்கி, அரசாங்கச் சாப்பாடு சாப்பிட்டதுக்கு எழுத்தில விளக்கம் தரட்டாம்."

அந்தோனியம்மா தரையில் இருந்துவிட்டார். அவர் ஆமையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஆறு வருடத்தில் அதுதான் முதல் தடவை. பஸ்ரியாம்பிள்ளை கடிதத்தை வாங்கி, வாசிக்கத் தெரியாத அந்த எழுத்துக்களை மேலிருந்து கீழே பார்த்தார். ஐந்து குலுக்கல். ஐந்து வருடத்து ஓராவும் திரளியும். கீழே ஒரு கையெழுத்து. கையெழுத்து நன்றாக இருந்தது.

மூப்பர் எழுந்து நின்றார். கண்ணாடியைத் துடைத்தார். கரும்பலகைக்கு முன்னால் நின்று, கோவிலில் சொல்லும் அதே குரலில், "சூசைப்பிள்ளை பஸ்ரியாம்பிள்ளைக்கு முடிஞ்சுது," என்றார்.

"அங்க பத்தொன்பது, உங்கட கூட்டறையில பத்து," என்றார் பஸ்ரியாம்பிள்ளை. "இருபத்தொன்பது நாள் கூட இருந்திட்டன். அதை என்ன செய்யிறது?"

"வைச்சிரும்," என்றார் மூப்பர். "பிறகு உதவும்."

ஆவணியில் நடக்காமல் போன குலுக்கலை மூப்பர் அன்றே வைத்தார். மேற்குப் பாட்டுக்குப் பெயர் கொடுத்திருந்த மற்ற இருவரில் ஒருவர் இந்தியாவுக்கு வள்ளம் ஏறிவிட்டார். மற்றவர், கடற்படை நிற்கும் கடலில் பாடு எதற்கு என்று எழும்பிவரவில்லை. ஆனாலும் விதி விதிதான். ஒற்றைச் சீட்டைப் பால்மாப் பேணிக்குள் போட்டு, மூடி, மூன்று தரம் குலுக்கினார்கள். பஸ்ரியாம்பிள்ளை சேட்டுக் கையை முழங்கை வரை மடித்துவிட்டுப் பேணிக்குள் கையை விட்டார். உள்ளே கொஞ்ச நேரம் தேடினார். ஒரு சீட்டைத் தேட அவ்வளவு நேரம் எடுக்காது. ஆனால் ஒருவரும் அவசரப்படுத்தவில்லை.

"மேற்கு," என்று விரித்துக் காட்டினார்.

அதை நாலாக மடித்துச் சேட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு விதானையாருக்கு முன்னால் வந்து குந்தினார்.

"எழுதுங்கோ ஐயா. விளக்கம் கேட்டிருக்கினமெல்லோ."

விதானையார் மாணவர் மேசையில் தாளை விரித்தார். "என்னெண்டு எழுத? பத்தொன்பது நாள் ஏன் நிண்டனீர்?"

பஸ்ரியாம்பிள்ளை நாடியைச் சொறிந்தார்.

"ஜெயிலரின்ர வலை முடியேல்லை எண்டு எழுதுங்கோ. இப்பவும் அரைவாசியிலதான் கிடக்கும். நூல் இருந்தால் வந்து முடிச்சுத் தருவன் எண்டும் போடுங்கோ."

"மனிசா," என்றார் அந்தோனியம்மா தரையிலிருந்து.

"சரி. கடைசி வசனத்தை வெட்டிவிடுங்கோ ஐயா."